நாலாயிரம் எழுத்துக்குள் ஒரு பிள்ளை

செப்டம்பர் வந்துவிட்டால் இங்கிலாந்தில் சிக்ஸ்த் ஃபார்ம் (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகள்) உள்ள பள்ளிகளில் ஆசிரியர் அறையின் பேச்சே மாறிவிடும். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எத்தனை ரெஃபரன்ஸ் முடிஞ்சுது, இன்னும் எத்தனை பாக்கி?" என்பதுதான். நான் லண்டனில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே இயர் 13, அதாவது கடைசி ஆண்டுப் பிள்ளைகள் சிலருக்கு டியூட்டர் என்ற பொறுப்பாசிரியர். ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கிராய்டன் பக்கமெல்லாம் நம் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் பல்கலைக்கழகம் போகிறார்கள். ஆனாலும் பள்ளி தங்கள் பிள்ளையைப் பற்றி ரெஃபரன்ஸ் என்று ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறது என்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இளங்கலைப் படிப்புக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிப்பதில்லை. யூகாஸ் என்ற ஒரே அமைப்பு, செல்டனம் நகரில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாம் அதன் வழியாகத்தான். 1990-களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகங்களுக்கு ஒன்று, பாலிடெக்னிக்குகளுக்கு ஒன்று என்று இருந்த சேர்க்கை அமைப்புகளை இணைத்து உருவாக்கினார்கள். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் அந்தப் படிப்புக்கு நான்குதான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போகிறவர்களுக்கும், மருத்துவப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கும் அக்டோபர் 15 மாலை 6 மணியோடு கதவு சாத்தப்படும். மற்றவர்களுக்கு ஜனவரி, 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். வரிசையில் உன் இடம் எது என்று எண் சொல்லிவிடும். இலங்கையில் ஏ லெவல் எழுதியவர்களுக்கு இசட் ஸ்கோரும் மாவட்ட ஒதுக்கீடும் தெரியும். இரண்டிலும் பரீட்சை முடிந்து முடிவு வந்த பிறகுதான் பல்கலைக்கழகம். இங்கே தலைகீழ். ஏ லெவல் முடிவு ஆகஸ்டில் வரும். பல்கலைக்கழகங்கள் இடம் தருவதாகச் சொல்வதோ அதற்குப் பல மாதம் முன்னால். அப்போது அவர்கள் கையில் இருப்பவை பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வின் மதிப்பெண், பள்ளி ஊகித்துச் சொல்லும் ஏ லெவல் கிரேடு, பிள்ளை தன்னைப் பற்றி எழுதியது, ஆசிரியர்கள் எழுதிய ரெஃபரன்ஸ். பள்ளி வழியாக விண்ணப்பிக்கும் பிள்ளையின் படிவம், பள்ளி ரெஃபரன்ஸைச் சேர்த்து அனுப்பினால்தான் யூகாஸ் போய்ச் சேரும். அதாவது ஒரு ஆசிரியர் தாமதித்தால் பிள்ளையின் விண்ணப்பம் முழுவதுமே நின்றுவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இயர் 13-இல் 200 பிள்ளைகள் இருக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று பாடம். மூன்று பாட ஆசிரியர்களும் ஆளுக்கொரு குறிப்பு எழுத வேண்டும், 600 குறிப்பு. அவற்றை டியூட்டர் சேர்த்து ஒரு ரெஃபரன்ஸ் ஆக்க வேண்டும். அதை சிக்ஸ்த் ஃபார்ம் தலைவர் படித்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியர் நடுவில் வேறு பள்ளிக்குப் போயிருப்பார். இன்னொருவர் மகப்பேறு விடுப்பில் இருப்பார். மின்னஞ்சலில் ஒரு குறிப்பு, வேர்ட் கோப்பில் ஒரு குறிப்பு, நடைபாதையில் வாய்மொழியாக ஒரு குறிப்பு. இப்படித்தான் பல பள்ளிகளில் நீண்ட காலம் நடந்தது. பொதுக் கோப்புறையில் ஒரே பிள்ளைக்கு நான்கு கோப்பு இருக்கும். எது கடைசியாகத் திருத்தியது என்று கோப்பின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சிக்ஸ்த் ஃபார்ம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நிர்வாக உதவியாளர்தான் எக்செல் தாளில் சிவப்பும் பச்சையும் பூசி எல்லாரையும் துரத்திக்கொண்டிருப்பார். அவருடைய உழைப்பில்தான் எத்தனையோ பிள்ளைகளின் விண்ணப்பம் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் மென்பொருள் வருகிறது. பிரிட்டனில் யூனிஃப்ராக் பல பள்ளிகளில் பழக்கமான பெயர்; பிரிட்ஜ்யு பன்னாட்டுப் பள்ளிகளில் அதிகம் கேட்கும் பெயர். அமெரிக்காவில் நேவியன்ஸ் பல காலமாக இந்த வேலையைச் செய்கிறது. அங்கே காமன் ஆப் விண்ணப்பத்துக்குப் பள்ளி ஆலோசகரின் கடிதமும் ஆசிரியர் கடிதங்களும் மின்வழியாகவே போகின்றன. இவற்றை வாங்காத பள்ளிகள் சிம்ஸ், ஆர்பர் போன்ற தங்கள் பள்ளி நிர்வாக மென்பொருளிலேயே குறிப்பு சேர்க்கும். சிலர் கூகுள் படிவத்தை வைத்துச் சமாளிப்பார்கள். வேலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாட ஆசிரியருக்கு "இந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள்" என்று கோரிக்கை போகும். அவர் எழுதியது டியூட்டரின் திரையில் மற்றப் பாடக் குறிப்புகளோடு வந்து நிற்கும். எழுத்து எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். நினைவூட்டல் தானாகப் போகும்.

நினைவூட்டல் தானாகப் போவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். சக ஆசிரியரிடம் மூன்றாவது முறையாகப் போய் நின்று "அந்தக் குறிப்பு..." என்று இழுக்க வேண்டியிருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். துரத்தும் வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டதால், மனிதர்களுக்கு நடுவில் இருந்த கசப்பு குறைந்திருக்கிறது. இதற்காகவே நான் அதை ஆதரிக்கிறேன். நாற்பது ஐம்பது பிள்ளைகள் மட்டுமே விண்ணப்பிக்கும் பள்ளிக்கு ஒரு பகிர்வுத் தாளும் பொறுப்பான ஓர் ஆளும் போதும், ஆண்டுதோறும் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் மென்பொருள் இல்லாமல் சிக்ஸ்த் ஃபார்ம் தலைவரின் உடம்பு தாங்காது.

ஆனால் எதைத் திரட்டுகிறோம் என்ற கேள்வி வேறு. 2024 சேர்க்கையிலிருந்து யூகாஸ் ரெஃபரன்ஸின் வடிவத்தையே மாற்றிவிட்டது. முன்பு நாலாயிரம் எழுத்துக்குள் ஒரே ஓட்டமாக ஒரு கட்டுரை. இப்போது அதே நாலாயிரம், மூன்று பகுதியாக. முதல் பகுதி பள்ளியைப் பற்றியது: எப்படிப்பட்ட பள்ளி, எத்தனை பிள்ளைகள், கிரேடு ஊகிப்பதில் பள்ளியின் நடைமுறை என்ன, இயற்பியலுக்கு ஆசிரியர் கிடைக்காமல் ஓராண்டு தவித்ததா என்பது போன்றவை. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. கட்டாயமும் இது மட்டும்தான். இரண்டாவது, பிள்ளையின் படிப்பைப் பாதித்த சூழ்நிலை: நோய், வீட்டில் மரணம், இடப்பெயர்வு, யாரையாவது பராமரிக்கும் பொறுப்பு. மூன்றாவது, அந்தப் படிப்புக்கு இந்தப் பிள்ளை ஏற்றவர் என்று காட்டும் வேறு செய்திகள். இரண்டாவதும் மூன்றாவதும் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதினால் போதும்.

எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் கடிதம் எழுதத் தெரிந்த பள்ளிக்கும் தெரியாத பள்ளிக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது. கட்டணப் பள்ளிகளில் பல்கலைக்கழக ஆலோசனைக்கென்றே முழுநேர ஆட்கள் இருப்பார்கள். அரசுப் பள்ளியில் அதே வேலையை, வாரம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு மாலையில் உட்காரும் ஒருவர் செய்வார். நடையழகில் வென்ற கடிதங்கள் இருந்தன. அந்த அழகு பிள்ளையுடையது இல்லையே. இப்போது அழகுக்கு இடம் குறைந்து தகவலுக்கு இடம் வந்திருக்கிறது. பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதுவதும் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விக்கான பதில்களாக மாறியது இதே திசையில்தான்.

வருத்தம் என்னவென்றால், மென்பொருளின் பழக்கங்கள் பல இடங்களில் இன்னும் பழைய கட்டுரைக் காலத்திலேயே நிற்கின்றன. வாக்கிய வங்கி என்று ஒன்று உண்டு. "ஆர்வமுள்ள, பொறுப்பான மாணவர், வகுப்பு விவாதங்களில் சிறப்பாகப் பங்கேற்பவர்" என்ற மாதிரி வாக்கியங்கள் தயாராக இருக்கும், பெயரை மாற்றிச் சொருகிவிடலாம். குவிந்து கிடக்கும் குறிப்புகளை எழுதும் களைப்பில் மனிதர் அதைத் தொடுவது இயல்புதான். ஆனால் அந்த வாக்கியம் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் என்பதாலேயே எந்தப் பிள்ளைக்கும் உதவாது. சேர்க்கை அலுவலர் அதைப் படித்து ஒன்றையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. "சார்புகளின் எல்லையைப் பற்றிப் பாடம் நடத்தியபோது, புத்தகத்தில் இருந்த நிரூபணத்தில் ஒரு படி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்து, அதை நிரப்பி மறுநாள் கொண்டுவந்தான்" என்ற ஒரே வரி, அந்த வங்கியில் உள்ள எல்லா வாக்கியத்தையும்விட மேல்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. நாலு புள்ளி கொடுத்தால் நாலாயிரம் எழுத்தும் எழுதித் தருகிறது. எழுதும் சுமை குறைய வேண்டும் என்ற ஆசையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். இருந்தாலும் இரண்டு காரணத்தால் எனக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளையின் பெயர், நோய், குடும்ப நிலவரம் எல்லாவற்றையும் பொதுவெளியில் இருக்கும் உரையாடல் கருவியில் கொட்டுவது தகவல் பாதுகாப்பு விதிகளோடு ஒத்துப்போகாது. பள்ளி அனுமதிக்காத கருவியில் எந்த ஆசிரியரும் அதைச் செய்யக் கூடாது. அடுத்தது, புதிய வடிவத்தில் எழுத வேண்டிய வார்த்தையே குறைவு. தகவல் கையில் இருந்தால் எழுத அதிக நேரம் ஆகாது. தகவல் இல்லாதபோதுதான் எழுத்து நீள்கிறது, அந்த நீளத்தை நிரப்பத்தான் கருவி தேவைப்படுகிறது.

ஆகவே தகவலை எப்போது திரட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. செப்டம்பரில் கோரிக்கை அனுப்பினால் ஆசிரியர் நினைவில் இருப்பதைத்தான் எழுதுவார். நினைவில் நிற்பதோ சத்தமாகப் பேசும் பிள்ளைகள். பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டுப் போகும் பெண்ணைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் வராது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இந்த இரண்டாவது வகை. பெரியவர் முன்னால் அடக்கமாக இருக்க வேண்டும் என்று வளர்த்திருக்கிறோம். இங்கே அது "வகுப்பில் பங்கேற்பு குறைவு" என்று ஆகிவிடுகிறது.

நல்ல மென்பொருளில் ஆசிரியர் எப்போது வேண்டுமானாலும் இரண்டு வரி குறித்துவைக்கலாம். இயர் 12 தொடங்கிய நாளிலிருந்தே குறிக்கலாம். அந்த நிரூபணத்தைப் பிள்ளை கொண்டுவந்த அன்றே ஆசிரியர் அதைத் தட்டிவைத்தால், அடுத்த ஆண்டு அந்த ஆசிரியர் பள்ளியை விட்டுப் போயிருந்தாலும் வரி அங்கேயே இருக்கும். பிள்ளையும் தன் பங்குக்குப் படித்த புத்தகம், போன கருத்தரங்கு, செய்த பகுதிநேர வேலை என்று பதிந்துகொண்டே வரலாம். மென்பொருளை ஒரு ஆண்டின் நினைவாக வைத்துக்கொள்ளும் பள்ளிகளுக்கு இலையுதிர் காலம் இலகுவாகப் போகிறது. பல பள்ளிகள் இந்த வசதிக்குப் பணம் கட்டிவிட்டு இதைத் தொடுவதே இல்லை. வாங்கப்போகும் தலைமை ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: விற்பனையாளர் கடைசியில் வரும் அழகான ரெஃபரன்ஸைக் காட்டுவார், நீங்கள் பிப்ரவரி மாதத்தில் ஒரு வேதியியல் ஆசிரியர் கைப்பேசியில் இரண்டு வரி பதிய எவ்வளவு நேரமாகும் என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.

கிரேடு ஊகிப்பதிலும் மென்பொருளுக்கு ஒரு பங்கு உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த கில் வைனஸ் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், விண்ணப்பித்தவர்களின் சிறந்த மூன்று ஏ லெவல்களை எடுத்துப் பார்த்தபோது 16 சதவீதம் பேருக்குத்தான் ஊகம் சரியாக இருந்தது. 75 சதவீதம் பேருக்கு உண்மையைவிட அதிகமாகச் சொல்லியிருந்தார்கள். நெஞ்சில் தைத்தது இதற்கு அடுத்த முடிவு: நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குள் வசதி குறைந்த வீடுகளிலிருந்து வருபவர்களுக்குக் குறைவாக ஊகிப்பது அதிகம். குறைவாக ஊகித்தால் பிள்ளை எட்ட வேண்டிய இடத்துக்கு விண்ணப்பிக்கவே மாட்டாள். ஜி.சி.எஸ்.இ. முடிவு, ஜூன் மாத மாதிரித் தேர்வு, ஆசிரியரின் ஊகம் மூன்றும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பொருந்தாத ஊகம் கண்ணை உறுத்தும். தலைவர் போய், "இந்தப் பெண்ணுக்கு ஏன் பி?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும். மென்பொருள் கேட்காது, மனிதர்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, யார் பார்க்கலாம் என்ற கேள்வி. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப்படுவது இதுதான். இரண்டாவது பகுதியில் எழுதப்படுபவை ஒரு குடும்பத்தின் உள்விஷயங்கள். அப்பாவின் சிறுநீரக நோய், விசாவுக்காகக் காத்திருந்த ஆண்டுகள், பிள்ளையின் மனச்சோர்வு. இவற்றைப் பதின்மூன்று ஆசிரியர்கள் திறந்து படிக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. இயற்பியல் ஆசிரியருக்கு இயற்பியல் குறிப்பு எழுதும் கட்டம் மட்டும் திறந்தால் போதும். இரண்டாவது பகுதி டியூட்டருக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் தலைவருக்கும் மட்டும். உடல்நலத் தகவலுக்கு பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளையின் சம்மதம் இல்லாமல் ரெஃபரன்ஸில் அதைச் சேர்க்கக் கூடாது என்பதே யூகாஸ் ஆசிரியர்களுக்குச் சொல்வதும். இந்த அனுமதி அமைப்புகள் எல்லா மென்பொருளிலும் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். நிறுவும் அன்றே யாராவது பொறுமையாக உட்கார்ந்து அவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

பிள்ளை தன் ரெஃபரன்ஸைப் பார்க்கலாமா? 2018-ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம், ரகசியமாகக் கொடுக்கப்படும் ரெஃபரன்ஸைக் காட்ட வேண்டிய கடமையிலிருந்து விலக்குத் தருகிறது. அமெரிக்காவிலோ, கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று விண்ணப்பத்திலேயே பிள்ளையிடம் கேட்கிறார்கள். என் நிலைப்பாடு தெளிவு: காட்ட வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை, தன்னைப் பற்றி எழுதியதைப் படித்து, "மிஸ், அந்த வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம்தான் பாட்டி தவறினாங்க" என்று திருத்தினால் ரெஃபரன்ஸ் உண்மையாகிறது. மென்பொருளில் இதற்கு ஒரு சொடுக்குப் போதும்.

பெற்றோரிடம் பேசும்போதுதான் எனக்கு உண்மையான சிரமம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். மகள் ஜி.சி.எஸ்.இ. எழுதிய ஆண்டில் கணவருக்குப் பக்கவாதம். தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப் போவது, மருத்துவமனையில் மொழிபெயர்ப்பது எல்லாம் அந்தப் பெண்தான். மதிப்பெண் இறங்கியிருந்தது. இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மிஸ். வீட்டு விசயத்தை ஏன் வெளியில சொல்லுவான்? பிள்ளையை ஒரு மாதிரிப் பாப்பினம்."

"அக்கா, இதைச் சொல்லாட்டி, அவ அந்த வருஷம் படிக்கலன்னுதான் நினைப்பாங்க. நாலு வரிதான். நீங்களும் அவளும் படிச்சுப் பார்த்துச் சரின்னு சொன்னா மட்டும் அனுப்புறேன்."

அவர் யோசித்தார். மகள்தான், "அம்மா, எழுதட்டும்" என்றாள். எழுதினோம், மூவரும் படித்தோம், அனுப்பினோம். அவளுக்கு இடம் கிடைத்தது அந்த நாலு வரியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகம் எதை எப்படி எடைபோட்டது என்று நமக்குச் சொல்வதில்லை. ஆனால் அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்தவர்கள் அதன் காரணத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த நியாயம் அவளுக்குச் சேர வேண்டியது.

மென்பொருள் இந்த உரையாடலைச் செய்து தராது. படிவத்தில் "பாதித்த சூழ்நிலை ஏதாவது உண்டா?" என்று ஒரு கட்டம் இருக்கும், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் "இல்லை" என்று தட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்து, "இவளுக்கு ஏன் ஒன்றுமே இல்லை, போன ஆண்டு அடிக்கடி லீவு போட்டாளே" என்று யோசிக்கும் டியூட்டர் வேண்டும். டியூட்டருக்கு அதற்கு நேரம் வேண்டும். துரத்துவதிலும் கோப்பு தேடுவதிலும் போன நேரத்தை மென்பொருள் மிச்சப்படுத்தினால், பள்ளி அந்த நேரத்தை இன்னொரு படிவத்துக்கு ஒதுக்காமல் பிள்ளைகளோடு உட்காரக் கொடுக்க வேண்டும். தலைமை ஆசிரியர்களிடம் நான் தொடர்ந்து கேட்டுவருவது இதைத்தான்.

இங்கே பிள்ளை படிக்க வைக்கும் பெற்றோருக்கு: இயர் 12 முடிவதற்குள், கோடை விடுமுறைக்கு முன்பே, பள்ளிக்குப் போய் டியூட்டரைப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தயங்க வேண்டாம், மொழிபெயர்ப்புக்கு ஆள் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். எவ்வளவு எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று நீங்களும் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யலாம். பள்ளி எந்த மென்பொருளை வைத்திருக்கிறது, அதில் பிள்ளையின் கணக்கில் என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ரெஃபரன்ஸ் அனுப்பும் முன் பிள்ளை அதைப் படிக்கலாமா என்றும் கேளுங்கள். மருத்துவமோ ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ என்றால் அக்டோபர் 15-க்குப் பல வாரம் முன்னதாகவே பள்ளி தன் உள்தேதியை வைத்திருக்கும்; அந்தத் தேதியை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.